வெத்திலை உரல்

கல்லடி

அன்பின் மச்சானுக்கு,

திருக்கோவில்ல இருந்து நீ போட்ட கடிதம் கிடைச்சுது. அக்காட மகள், புத்திக் குறைபாடு உள்ள புள்ள, ராவில எழும்பிக் கத்துறாள், சோத்துக் கோப்பையத் தள்ளி விடுறாள் எண்டு எழுதியிருந்தாய். "அந்தப் புள்ள அப்பிடித்தானே எண்டு எல்லாரும் சொல்லுறாங்க" எண்ட வரியத்தான் ரெண்டு தரம் வாசிச்சன். அதே சொல்லை நானும் சொன்னவன். கிளினிக்கில, டொக்டருக்கு முன்னால.

தம்பிட கதை உனக்கு முழுசாத் தெரியாது. அம்மா செத்த அண்டைக்கு அவனைச் சித்தி வீட்ட அனுப்பிட்டம். பிறப்பிலயே வாற டவுன் சின்ட்ரோம் எண்ட புத்திக் குறைபாடு உள்ளவன், பயந்திருவான் எண்டு நினைச்சம். வயசு 36 அவனுக்கு! 31ம் நாள் முடிஞ்ச கையோட கன்னத்தில அறையத் தொடங்கினான். குளிக்க மாட்டான், மூலையில கிடப்பான். டொக்டர் கேட்டதுக்கு, "பிறந்ததில இருந்தே இப்பிடித்தான்" எண்டன். குளிசை தந்தாங்க. நாலு மாசம் வீணீர் வடிய ஒரே நித்திரை, உடம்பும் ஊதிற்று. அடிக்கிறது நிண்டுட்டு எண்டு நாங்க சந்தோசப்பட்டம், பார்.

மறுகா வேற ஒரு டொக்டர், சின்ன வயசுப் பொம்புளப் புள்ள. என்னை விட்டுட்டு அவனைப் பார்த்து, "வீட்டில நீங்க என்ன வேலை செய்வீங்க?" எண்டு கேட்டா. வாயே திறக்கல்ல அவன். ஒரு கையைக் குவிச்சு, மற்றக் கையால அதுக்குள்ள இடிச்சுக் காட்டினான். அம்மாட வெத்திலை உரல், மச்சான். பின்னேரமானா அவ வட்டாவ எடுத்து வைப்பா, இவன் இடிச்சுக் குடுப்பான். செத்த வீட்டோட அந்த உரலைப் பரணில தூக்கிப் போட்டவன் நான்தான்.

இரத்தமும் எடுத்துப் பார்த்தா. டவுன் சின்ட்ரோம் உள்ளவங்களுக்குக் கழுத்துச் சுரப்பியில ஊறுற தைரொயிட் குறையிறது மற்றவங்களை விடக் கூட. குறைஞ்சா மனச்சோர்வு வந்த ஆள் மாதிரியே சோர்ந்து கிடப்பாங்க. வருசத்துக்கொருக்காப் பார்க்க வேணுமாம். தம்பிக்குக் குறைவுதான். ஒருவரும் பார்க்கல்ல, நானும் கேட்கல்ல.

இது நம்மட ஊர்க் குறை மட்டும் இல்ல. எல்லாத்தையும் புத்திக் குறைபாட்டில போட்டுட்டு மனநோயைக் காணாம விடுறதைப் பற்றி அமெரிக்காவில 1982லயே ஸ்டீவன் ரைஸ் எண்ட உளவியல் ஆய்வாளரும் கூட்டாளிமாரும் எழுதியிருக்காங்க. இங்கிலாந்தில 2015ல கணக்குப் பார்த்தா, அறிவுசார் குறைபாடு உள்ள 30,000 தொடக்கம் 35,000 பேர் தேவையான காரணமே இல்லாம மனநலக் குளிசை குடிச்சிட்டு இருந்திருக்காங்க. அடுத்த வருசமே அதைக் குறைக்கத் தனி இயக்கம் தொடங்கினாங்க.

அக்காட்ட சொல்லு, கோயிலுக்கு நேர்த்தி வைக்கிறதெண்டால் வைக்கட்டும், ஆனா முதல்ல புள்ளட வாயைத் திறந்து பல்லைப் பார்க்கட்டும். சூத்தைப் பல், காதுக் குறும்பி, மலச்சிக்கல் எதுவாயும் இருக்கலாம். வலியைச் சொல்லத் தெரியாத புள்ள கோப்பையைத்தான் தள்ளும். ஒரு கொப்பியில எப்ப கத்துறாள், அதுக்கு முதல் என்ன நடந்தது, வீட்டில ஆரும் புதுசா வந்தாங்களா போனாங்களா எண்டு எழுதி டொக்டரிட்டக் குடுக்கட்டும். ஏற்கனவே குளிசை குடிக்கிறாள் எண்டால் தன்பாட்டில நிப்பாட்ட வேணாம். தம்பிக்கும் டொக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சா.

உரலை இறக்கிக் குடுத்திட்டன். பக்கத்து வீட்டு ஆச்சிக்கு இப்ப அவன்தான் பாக்கு இடிக்கிறான். மாவாக்கிப் போடுறானாம், கடிக்கிறதுக்கு ஒண்டும் இல்லையாம் எண்டு ஆச்சிக்கு ஒவ்வொரு நாளும் முறைப்பாடு.

உன்ட கூட்டாளி