பென்சிலால் போடு

அன்புள்ள மீனாவுக்கு,

நீ அனுப்பிய பிரிண்ட் முந்தாநாள் மூலை மடங்காமல் வந்து சேர்ந்தது. அம்மா அதைப் பூஜை அறைக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்கிறாள், கற்பூரப் புகை படும் என்று நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன். நல்ல பருத்திப் பேப்பர். இடதுபக்கம் 3/15, பதினைந்து பிரதியில் மூன்றாவது என்று, வலதுபக்கம் உன் கையெழுத்து. அழகாகத்தான் இருக்கிறது. பேருக்கு முன்னால் ஏதாவது மறைந்திருக்குமோ என்று மவுண்ட் அட்டையைத் தூக்கிப் பார்த்தேன், இல்லை. சரி.

ஆனால் பேனாவில் ஏன் போட்டாய்? பென்சிலால் போடு. பென்சில் மங்காது, ஊறாது. லேப் பேப்பரில் மட்டும் அது ஏறாது, பிளாஸ்டிக் பூச்சு. அதற்கு பிக்மென்ட் மை பேனா, அதுவும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுக்கு. நம் கடையில் படத்துக்குப் பின்னால் பால்பாயிண்டில் நம்பர் போட்டு அவசரமாக அடுக்கி, மாப்பிள்ளை கன்னத்தில் 47 இடம் வலமாகப் பதிந்தது ஞாபகம் இருக்கிறதா? ஸ்டிக்கரைப் படத்தின் முதுகில் ஒட்டாதே, பசை பழுப்பேறும், பின் அட்டையில் ஒட்டு. 15 பிரதி என்றால் 15தான், யார் கேட்டாலும் பதினாறாவது கிடையாது, நோட்டில் எழுதி வை. எடுத்த வருஷமும் போடு. அமெரிக்க போட்டோகிராபர் அன்செல் ஆடம்ஸ் எவ்வளவு பெரிய ஆள், அவரே ஹெர்னாண்டஸ் என்ற ஊரில் எடுத்த அந்த நிலாப் படத்துக்கு வேளைக்கு ஒரு வருஷம் சொல்லி, கடைசியில் நிலா நின்ற இடத்தை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் 1941 என்று முடிவானது.

நான் தேதியைச் சரியாகத்தான் எழுதினேன். 2004 மகாமகம், மொட்டைமாடியிலிருந்து குளம், அத்தனை தலை. அதன் கீழே கடை சீலைக் குத்தினேன். பதிமூன்று வயதுப் பெண் எடுத்தது என்றால் எவன் காசு கொடுப்பான் என்று அம்மாவிடம் சொன்னேன், உன்னிடம் அதைக்கூடச் சொல்லவில்லை. வந்தவர்கள் எல்லாம் "அண்ணே, என்ன கோணம்!" என்றபோது சிரித்துக்கொண்டு நின்றேன், நீ காபி தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய். அப்புறம் ஒரு வருஷம் கேமராவையே தொடவில்லை. பரீட்சைக்குப் படிக்கிறாய் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நெகட்டிவ் பத்திரமாக இருக்கிறது. நேற்று உறையில் கடைப் பேரை அடித்துவிட்டு உன் பேரை எழுதினேன், பென்சிலால்தான். முன்னால் ஓர் எழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, அம்மா எதிர்பார்ப்பாள்.

அப்பா