கரையில் கூண்டு ஏற்றினால் ஆழ்கடலில் யாருக்குத் தெரியும்?

ஆசிரியருக்கு,

புயல் என்றதும் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள், தேவாலய ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்கள், செல்போனுக்குக் குறுஞ்செய்தியும் வருகிறது. சரி, அதெல்லாம் கரையில் இருப்பவர்களுக்கு. எங்கள் மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது செல்போன் சிக்னலும் வயர்லெஸ்ஸும் எட்டாத தூரத்தில் கிடந்த பலருக்குச் சேதி போய்ச் சேரவே இல்லை. அப்புறம்தான், 2019இல், செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை தரும் ஜெமினி கருவி வந்தது. நல்ல கருவிதான், ஆனால் அதில் சேதி வாங்க மட்டுமே முடியும். இப்போது இஸ்ரோ தொழில்நுட்பத்தில் படகுகளுக்கு இலவசமாகத் தரும் டிரான்ஸ்பாண்டர் என்ற செயற்கைக்கோள் தொடர்புக் கருவியில் இரண்டு பக்கமும் குறுஞ்செய்தி அனுப்பிக்கொள்ளலாம், ஆபத்து என்றால் பொத்தானை அழுத்திக் கரைக்குத் தெரிவிக்கலாம்.

பெட்டியைப் பொருத்திவிட்டுப் போனால் மட்டும் போதாது. பழுதானால் அந்தந்தத் துறைமுகத்திலேயே பார்த்துக்கொடுக்க ஆள் வேண்டும். காற்றின் வேகத்தோடு, இப்போது நிற்கிற இடத்திலிருந்து எந்தப் பக்கம் ஒதுங்கலாம், பக்கத்துத் துறைமுகம் எது என்றும் தமிழில் சொல்லுங்கள். சிறு வள்ளங்களையும் விட்டுவிடாதீர்கள்.

வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்