உன் ஓவியனுக்கு ஒரு அரசு வேலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய கதையைப் படித்துவிட்டேன். அம்மாவுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இனி வருவதெல்லாம் என் குறை.

உன் சர்வாதிகார நகரத்தில் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு நடக்கிறார்கள். ஓவியன் மட்டும் முதல் பக்கத்திலேயே சுவரில் படம் வரைந்துவிட்டு ஓடுகிறான். பிறவிக் கலகக்காரனைப் பிடித்து உள்ளே தள்ளுவது எந்த அரசுக்கும் பெரிய வேலை இல்லை.

ரஷ்ய எழுத்தாளர் சம்யாதினின் ‘நாம்’ நாவலைப் படித்துப் பார். 1920களின் தொடக்கத்தில் ரஷ்யாவில் எழுதியது. சோவியத்தில் 1988 வரை அச்சேறவே இல்லை. அவர் கப்பல் பொறியாளர், நாயகன் விண்கலம் கட்டும் பொறியாளன். பெயர் டி-503. கண்ணாடிச் சுவர் வீடு, மணி அடித்தாற்போல் வாழ்க்கை. ஒரு வாய் உணவை ஐம்பது முறை மெல்ல வேண்டும் என்பது வரை விதி. அவனுக்கு இதில் வருத்தமே கிடையாது, பெருமைதான். பழங்காலத்தவர் விட்டுப்போன இலக்கியங்களிலேயே உயர்ந்தது ரயில்வே கால அட்டவணை என்கிறான்! (ரயில்வேயில் குப்பை கொட்டிய எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நம் அட்டவணையில் எவ்வளவு கற்பனை உண்டு என்று அவனுக்குத் தெரியாது, பாவம்.)

அவன் எழுத உட்காருவதே அரசைப் புகழத்தான். எழுத எழுத, கணக்கில் அடங்காத ஏதோ ஒன்று உள்ளே புகுந்துவிடுகிறது. ஒரு பெண்ணும் காரணம், மறுக்கவில்லை. டாக்டரிடம் போனால், உனக்குள் ஆன்மா உருவாகிவிட்டது என்று ஏதோ வியாதியைச் சொல்வதுபோலச் சொல்கிறார். கடைசியில் எல்லோருக்கும் மூளையில் கற்பனை இருக்கும் இடத்தை எக்ஸ்ரே கதிரால் சுடுகிறார்கள், இவனுக்கும்தான். பிறகு அந்தப் பெண்ணைக் கண்ணாடிக் கூண்டில் அடைத்துக் காற்றை உறிஞ்சுவதை உட்கார்ந்து பார்க்கிறான். வெளுத்த முகமும் பெரிய கண்களுமாக அழகாக இருந்தாள் என்று குறித்துக்கொள்கிறான். அந்த வரியைப் படித்தபின் எனக்குத் தூக்கம் வரவில்லை.

1949இல் வந்த ஆர்வெல்லின் ‘1984’ நாவலில், சர்வாதிகார அரசிடம் பாட்டு கட்டவே ஒரு இயந்திரம் உண்டு. அது கட்டிய குப்பைப் பாட்டைத் துணி உலர்த்தும் ஒருத்தி பாடுகிறாள், அவள் குரலில் அதுவும் கேட்கும்படி ஆகிவிடுகிறது. அவள் யாரையும் எதிர்க்கவில்லை, துணிதான் காயப்போடுகிறாள்.

அதனால் உன் ஓவியனை அரசாங்க போஸ்டர் இலாகாவில் சேர்த்துவிடு. நல்ல ஊழியனாக இருக்கட்டும், பதவி உயர்வுக்கு ஆசைப்படட்டும். தலைவரின் முகத்தை வரைந்து வரைந்து கை பழகியவன், ஒருநாள் மூக்கடி நிழலைக் கொஞ்சம் கூட்டிவிடட்டும். பயந்துபோய் அவனே அழிக்கட்டும். சுவர், ஓட்டம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

திருத்தியதும் அச்செடுத்துத் தபாலில் அனுப்பு. போனில் படித்துக் கண் வலிக்கிறது.

அன்புடன்,
அப்பா