செயலாளரின் ஆண்டறிக்கை, 2023: நம் நாட்டுக்கோழிச் சங்கம், சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் அங்கத்தினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு ஆறு முறை கூடியது. பொங்கல் விருந்து நடந்தது. டோங்காட்டில் ஒரு பண்ணையைப் போய்ப் பார்த்தோம். அக்டோபரில் வைக்க இருந்த சேவல் காட்சியை நிறுத்தினோம். கௌட்டெங் மாகாணத்தின் பக்கம் பறவைக் காய்ச்சல் பரவி, கடைகளில் முட்டைக்கே தட்டுப்பாடு வந்த நேரம் அது. நாலு ஊர்க் கோழிகளை ஒரே மண்டபத்தில் அடைக்கக் கூடாது என்று நான்தான் சொன்னேன். சிலருக்கு இன்னும் வருத்தம். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

இனி குஞ்சு பொரித்த விஷயம். ஜூன் மாதம் சங்கத்தின் இன்குபேட்டரில் பாட்செஃப்ஸ்ட்ரூம் கூகூக் என்ற தென்னாப்பிரிக்கக் கோழி இனத்தின் 60 முட்டைகளை வைத்தோம். 37.5 டிகிரி சூடு 21 நாளும் குறையாமல் வேண்டும். முறை வைத்துக் கரண்டை நிறுத்தும் லோட் ஷெடிங்கில் ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை கரண்ட் போனது. மூடியைத் திறக்காமல் போர்வை போர்த்திக் காத்தோம். முட்டை கொஞ்சம் குளிர்ந்தாலும் தாங்கும், அதிகச் சூட்டைத்தான் தாங்காது. 16ஆம் நாள் ராத்திரி கரண்ட் திரும்பி வந்தபோது தெர்மோஸ்டாட் கெட்டு, சூடு 40ஐத் தாண்டிவிட்டது. பொரித்தவை 11 குஞ்சுகள்.

அப்புறம்தான் என் வீட்டு வெண்டா இனப் பெட்டைகள் நாலையும் அடை வைத்தேன். கூகூக் நன்றாக முட்டையிடும், ஆனால் அடைக்கு உட்காருவது குறைவு. வெண்டாவோ உட்கார்ந்தால் எழுந்திருக்காது. ஒவ்வொன்றுக்கும் 11 கூகூக் முட்டை. ஏழாம் நாள் டார்ச் வைத்துப் பார்த்துக் கூமுட்டைகளை எடுத்தேன். 44இல் 37 பொரித்தன. தலையில் வெள்ளைப் பொட்டு இருந்தவை சேவல், இல்லாதவை பெட்டை என்று அன்றைக்கே பிரித்துவிட்டோம். ஒரு யூனிட் கரண்ட் செலவில்லை. அடுத்த ஆண்டும் இதே வழியில் செய்யலாம் என்பது என் உறுதியான கருத்து.

வெண்டா என்பது வடக்கே வெண்டாப் பகுதியில் ஒரு கால்நடை மருத்துவர் 1979இல் கவனித்து எழுதிய இனம். கறுப்பு, வெள்ளை, சிவப்பு கலந்த இறகு. சிலதுக்கு ஐந்து விரல். இதைக் காப்பாற்றத்தான் ஒரு டஜன் முட்டை வாங்கிப் போகிறவர் ஆறு மாதத்தில் ஒரு சேவலும் ஒரு பெட்டையும் திருப்பித் தர வேண்டும் என்று விதி வைத்தோம். வாங்கியது 14 வீடு. தந்தது மூன்று வீடு. மற்றவர்கள் போனை எடுப்பதில்லை. இரண்டு பேர் கறி வைத்துவிட்டதாகச் சொன்னார்கள். உண்மையைச் சொன்னதற்காவது நன்றி. வெளிச் சேவல் வராவிட்டால் அண்ணன் தங்கையையே சேர்க்க வேண்டியிருக்கும். நாலைந்து தலைமுறையில் கருத்தரிக்காத முட்டையும் நோஞ்சான் குஞ்சுமாக இனமே இளைத்துப்போகும். இது என் சொந்தக் கோபம் அல்ல.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, வரவு செலவைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. தீவனச் செலவு ஏறிவிட்டது. 41 பேரில் சந்தா கட்டியவர்கள் 17 பேர். புது தெர்மோஸ்டாட்டுக்கு நான் கொடுத்த பணம் இன்னும் வரவேண்டும், அவசரமில்லை.

மண்டபம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும், தேநீர் போட்ட மாதர் குழுவுக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பில் இருப்பேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. ஆறு ஆண்டாக விடிவதற்கு முன் எழுந்து தண்ணீர் வைக்கிறேன். முழங்கால் முன்போல இல்லை. என் கூட்டில் மூன்று வெண்டாச் சேவல்கள் ஒன்றையொன்று கொத்திக்கொண்டு நிற்கின்றன. யார் வீட்டில் இடமிருக்கிறதோ கூட்டம் முடிந்ததும் சொல்லுங்கள். கூண்டோடு நானே கொண்டுவந்து விடுகிறேன், முதல் மாதத் தீவனமும் தருகிறேன்.

செயலாளர்