பாட்டைத் தள்ளிவிடாதே

அன்புள்ள மாப்ளே,

உன் இரண்டு கடிதமும் மேஜை மேலேயே கிடக்கின்றன. கோபித்துக்கொள்ளாதே. இடது கண்ணில் விழித்திரை விலகி, ஆபரேஷன் ஆகி ஆறு வாரம். சொன்னால் அன்று ராத்திரியே பஸ் ஏறிவிடுவாய் என்றுதான் சொல்லவில்லை. இப்போது பார்வை மெல்லத் திரும்புகிறது. கண்ணுக்குள் வாயு நிரப்பி, சில நாள் குப்புறவே படுக்க வைத்தார்கள். மூக்குக்கு நேர் கீழே தரையின் மொசைக் புள்ளிகள், காதில் இயர்போன். வேறென்ன கேட்பேன்? டோல்கீன் எழுதிய நம்ம 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவல்தான்.

முதலில் ஆண்டி செர்கிஸ் 2021இல் வாசித்த ஒலிப்புத்தகம். படத்தில் மோதிரத்துக்கு ஏங்கி உருக்குலைந்த கொல்லமாக (Gollum) நடித்தவரே முழுக்கதையும் சொல்கிறார். ஆளுக்கு ஒரு குரல், ஊருக்கு ஒரு பேச்சு. முதல் பாகமே 22 மணி நேரத்துக்கு மேல். குப்புறக் கிடந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய துணை தெரியுமா! அந்தக் கரகரப்புக் குரல் வந்ததும் நம்ம கூட்டாளி 'கொல்லம் மெயில்' ஞாபகம். அவன் இன்னும் கடன் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறானா?

அப்புறம் ராப் இங்கிலிஸ் 1990இல் வாசித்ததை எடுத்தேன். இந்தக் கதையைத் தனி ஆளாக மேடையில் நடித்தவர் அவர். ஆனால் வாசிக்கும்போது நடிப்பை அடக்கி, திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுவதுபோல் சொல்கிறார். பாட்டு வந்தால் முழுசாகப் பாடுகிறார். நீ ஹாஸ்டலில் பாட்டு வந்தாலே நாலு பக்கம் தள்ளிவிடுவாயே, அது எவ்வளவு பெரிய தப்பு என்று இப்போதுதான் தெரிகிறது. நடந்து நடந்து கால் ஓய்ந்தவர்கள் பாடுகிற பாட்டு அது. அதை விட்டால் அவர்கள் நடந்த தூரமே நமக்குத் தெரியாது. 1981 பிபிசி வானொலி நாடகத்தையும் கேட்டேன். 26 பகுதி. கதாநாயகன் ஃப்ரோடோவாக இயன் ஹோம், அவரேதான் பிறகு படத்தில் ஃப்ரோடோவை வளர்த்த பில்போ. ஆனால் காட்டில் பாடித் திரியும் டாம் பாம்படிலை அடியோடு எடுத்துவிட்டார்கள். அதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

சரி, சொல்ல வந்தது வேறு. கதையில் மலைமேல் ஏறும் அந்தக் கிரித் உங்கோல் மாடிப்படி ஞாபகம் இருக்கிறதா? ஃப்ரோடோ தன் தோழன் சாமின் மடியில் தலை வைத்துத் தூங்குகிறான். சாமும் அசந்துவிட்டான். திரும்பி வரும் கொல்லம் இருவரையும் பார்த்துக்கொண்டே நிற்கிறான். நடுங்கும் கையை நீட்டி ஃப்ரோடோவின் முழங்காலை மெல்லத் தொடுகிறான். அந்த ஒரு நிமிடம் அவன் களைத்துப்போன ஒரு கிழவன், அவ்வளவுதான். அதற்குள் சாம் விழித்துத் திட்டிவிடுகிறான். எல்லாம் போயிற்று. சாம் விழிக்கும்வரை கொல்லம் ஒரு வார்த்தை பேசுவதில்லை, கவனித்தாயா? அந்தப் புகழ்பெற்ற குரலுக்கு அங்கே வேலையே இல்லை. கதை சொல்பவரின் சொந்தக் குரல்தான் அவனைத் தாங்க வேண்டும். செர்கிஸ் அவனை உள்ளிருந்து அறிந்தவர், அந்தப் பாசம் குரலில் கசிகிறது. இங்கிலிஸ் எதையும் அழுத்தாமல் கடந்துபோகிறார். எனக்கு இங்கிலிஸிடம்தான் தாங்கவில்லை. கண்ணில் ஈரம் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், என்ன செய்ய?

டோல்கீனே 1952இல் இங்கிலாந்தின் மால்வெர்னில் நண்பர் வீட்டு டேப் ரெக்கார்டரில் சில பகுதிகளை வாசித்திருக்கிறார். பதிப்பாளர்கள் கைவிரித்து மனம் சோர்ந்திருந்த சமயம் அது. ஊக்கம் கொடுத்தது அந்த நண்பரும் அந்தப் பெட்டியும்தான். அதைக் கேட்டபோது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். கரண்ட் போன ராத்திரிகளில் மெழுகுவர்த்தியைச் சோப்புப் பெட்டியில் நட்டு நீ வாசிப்பாயே. கொல்லத்துக்கு நம்ம வார்டன் குரலைப் போடுவாய். மாடிப்படி வந்த அன்று மட்டும் எந்தக் குரலும் போடாமல் வாசித்தாய். ஏன் என்று நான் கேட்கவே இல்லை.

மாசக் கடைசியில் வா. அட்டை போன அந்தப் பிரதி உன்னிடம்தான் இருக்கிறது, மறக்காமல் எடுத்து வா. இன்னும் என்னால் பொடி எழுத்து படிக்க முடியாது. நீதான் வாசிக்க வேண்டும், பாட்டையும் சேர்த்து.

உன்,
பழைய 14ஆம் நம்பர் அறைக்காரன்