வால்வுப் பெட்டிதான் வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்து இளம் இசைக்குழுக்கள் பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். திரான்சிஸ்டர் அம்பிளிபயரில் கிற்றார் தகரச் சத்தம் போடுகிறது, வால்வு (பழைய வானொலிகளில் இருந்த கண்ணாடிக் குழாய், டியூப் என்றும் சொல்வார்கள்) இல்லாமல் சரிவராது என்று பிள்ளைகள் குறைப்பட்டிருந்தார்கள். கொக்குவிலில் வானொலி திருத்தியே பிழைத்தவன் நான். சைக்கிள் டைனமோவில் வானொலி ஓடிய காலத்திலும் திருத்தினேன். இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

வால்வின் இனிமையை நான் மறுக்கவில்லை. தாங்கும் அளவுக்கு மேல் தள்ளினால் வால்வு அலையின் முனையை மெல்ல மழுக்கும். திரான்சிஸ்டர் அதைத் தட்டையாக வெட்டிவிடும். அந்த வெட்டில் பிறக்கும் உயர் அதிர்வுகள்தான் காதைக் கீறுகின்றன. அந்த எல்லைக்குத் தள்ளாவிட்டால் வெட்டும் இல்லை. 1975இல் வந்த றோலண்ட் ஜேசி-120 அம்பிளிபயர் முழுக்கத் திரான்சிஸ்டர்தான். அதன் தெளிந்த ஒலிக்காகவே இன்றும் அதைத் தேடுகிறார்கள்.

அண்மையில் அயல்வீட்டுப் பையன் தன் அம்பிளிபயர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். உயர் ஒலிக்கான ட்ரெபிளும் தாழ் ஒலிக்கான பாஸும் முழுதாகத் திருகியிருந்தன, நடு ஒலிக்கான மிட் பூச்சியத்தில், உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் கெயின் உச்சியில். கிற்றாரின் உயிரே நடு அதிர்வில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு எதைக் கேட்பது? மிட்டைப் பாதிக்கு மேல் ஏற்றி, ட்ரெபிளை மூன்றுக்கு இறக்கினேன். கெயினைக் குறைத்து, மொத்தச் சத்தத்துக்கான மாஸ்டரைக் கூட்டினேன். கூரிய ஒலி ஸ்பீக்கரின் நேர்முன்னேதான் பாயும் என்பதால் பெட்டியையும் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி வைத்தேன். கரகரப்பு அடங்கியது. பையனுக்கு முகம் மலர்ந்தாலும், சத்தம் காணாது என்றான். அது வேறு வியாதி.

உறுமல் வேண்டுமென்றால் அம்பிளிபயரின் கெயினைத் தொடாமல், கிற்றாருக்கும் அம்பிளிபயருக்கும் இடையில் ஓர் ஓவர்டிரைவ் பெடலை (காலால் அழுத்தி உறுமலைச் சேர்க்கும் சிறு பெட்டி) வைக்கலாம். அப்படியொரு பெடலான ஐபனெஸ் டியூப் ஸ்கிரீமரின் பெயரில்தான் டியூப் இருக்கிறது. உள்ளே வேலை செய்பவை வால்வு அல்ல, திரான்சிஸ்டர் இனத்துச் சிறு பாகங்களான டயோடுகள். 9 வோல்ட் பற்றரியில் ஓடும். அலையை மழுக்குவதோடு நடு அதிர்வையும் தூக்கித் தரும்.

ஆனால் அந்தப் பெடலிலிருந்து நேரே மேடை மிக்சருக்கு (எல்லா ஒலிகளையும் கலந்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும் கருவி) வயர் கொடுக்கக் கூடாது. கோயில் வீதி நிகழ்ச்சிகளில் இதைத்தான் செய்கிறார்கள். கிற்றார் ஸ்பீக்கர் சுமார் 5000 ஹேர்ட்சுக்கு மேல் தானாகவே அடங்கிவிடும்; மேடை ஒலிபெருக்கியில் உயர் ஒலியைத் தரும் ஹோர்னுக்கு அந்த அடக்கம் கிடையாது, காதைக் கீறும் அதிர்வுகள் அப்படியே வெளிவரும். அம்பிளிபயரின் முன்னே ஒரு மைக்கை வையுங்கள், போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் வால்வுதான் வேண்டுமென்று கனடாவிலுள்ள மாமாவிடம் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே 120 வோல்ட், இங்கே 230. இடையில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் சொருகினால் முதல் நாளே புகைதான். உள்ளே ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ட். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது மின்னைத் தேக்கும் கப்பாசிட்டரில் தங்கியிருக்கும். ஆகவே பிள்ளைகள் மூடியைத் திறக்கக் கூடாது. லண்டன் மாமா அனுப்பினால் வோல்ட் கவலை இல்லை, விமானக் கூலிதான்.

ஓய்வுபெற்ற வானொலி திருத்துநர்,
கொக்குவில்.