புது புரோகிராம் ஏற்றிய அன்று சைன் ஆஃப் செய்யச் சொல்வது ஏன்?

மண்டபம், இராமேசுவரம், தொண்டி, கீழக்கரைப் பக்கம் ஏ.எஸ்.400 என்ற ஐ.பி.எம். கம்ப்யூட்டரில் கணக்கு நடத்தும் மீன் கம்பெனி, ஐஸ் பிளான்ட் வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"மாத்தியாச்சுன்னு சொன்னீங்க, எங்க ஸ்கிரீன்ல பழசுதானே வருது?" புரோகிராம் ஏற்றும் நாளெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. உங்கள் ஸ்கிரீனில் வருவது பழசுதான். அதற்குக் காரணம் உண்டு.

ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் மேல் புதியதை ஏற்றினால், மெஷின் பழையதை அழிப்பதில்லை. கியூ.ஆர்.பி.எல்.ஓ.பி.ஜே. என்ற லைப்ரரிக்கு, அதாவது புரோகிராம்களை வைக்கும் வேறொரு இடத்துக்கு, நகர்த்தி வைக்கிறது. ஏற்கெனவே அதைத் திறந்தவர்களின் ஜாப் (சைன் ஆன் முதல் சைன் ஆஃப் வரை அவர்களுக்காக மெஷினில் ஓடும் வேலை) அந்தப் பழைய பிரதியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். பாதி பில்லில் யாருக்கும் அறுந்துபோகாமல் இருப்பது இதனால்தான். அந்த லைப்ரரியை வேலை நேரத்தில் யாரும் காலி செய்யக் கூடாது, செய்தால் எம்.சி.எச்.3402 பிழை வந்து ஸ்கிரீன் நின்றுவிடும்.

ஐஸுக்காகப் பெட்டிக்குக் கழிக்கும் எடை 2 கிலோ என்றிருந்ததை 3 ஆக்கினோம் என்று வையுங்கள். காலை 6 மணிக்கே உள்ளே வந்தவர் 10 பெட்டிக் கணவாய்க்கு 20 கிலோ கழிப்பார். மாற்றம் ஏறியபின் 9 மணிக்கு வந்தவர் 30 கழிப்பார். ஒரே படகுச் சரக்குக்கு இரண்டு கணக்கு. சாயங்காலம் படகுக்காரர் வந்து நின்றால் பதில் சொல்ல முடியாது.

எஃப்3 அழுத்தி மெனுவுக்கு வந்தால் போதாது. மெனு, பழைய பிரதியின் இடத்தையே நினைவில் வைத்திருக்கும். எங்கள் செய்தி ஸ்கிரீனில் வந்ததும் கையிலுள்ள பில்லை முடித்து, மெயின் மெனுவில் 90 கொடுத்து வெளியேறி, மறுபடி சைன் ஆன் செய்யுங்கள். இரண்டு விண்டோ திறந்திருந்தால் இரண்டிலும் செய்ய வேண்டும்.

விண்டோவை எக்ஸ் போட்டு மூடாதீர்கள். பல மெஷின்களில் அப்போது ஜாப் முடியாமல் துண்டித்த நிலையில் காத்திருக்கும். காத்திருக்கும் நேரத்தின் அளவை யாரும் மாற்றாவிட்டால் 240 நிமிடம் அப்படியே கிடக்கும். அதற்குள் அதே பெயரில் திரும்ப வந்தால் பழைய ஜாப்பே, அதாவது பழைய புரோகிராமே, எழுந்து வரும். பின்னணியில் நாள் முழுக்க ஓடும் ஜாப்களை நாங்களே நிறுத்தி ஓடவிடுவோம். நீங்களாகப் புதிதாக ஒன்று சேர்த்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஃபைலின் அமைப்பை மாற்றுவது வேறு விஷயம். எடை, விலை போல ஒரு பத்தி (column) கூடினாலும், அந்த ஃபைலைத் திறக்கும் எல்லாப் புரோகிராமையும் மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும், அதாவது மெஷின் ஓட்டும் வடிவுக்கு மாற்ற வேண்டும். ஒன்று விட்டுப்போனால் சி.பி.எஃப்.4131, அதாவது லெவல் செக் பிழை: ஃபைலின் அமைப்பும் புரோகிராம் எதிர்பார்ப்பதும் ஒத்துப்போகவில்லை என்று மெஷின் சோதித்துச் சொல்வது. அந்தச் சோதனையை அணைத்துவிடச் சிலர் கேட்கிறார்கள், செய்ய மாட்டோம். அணைத்தால் பிழை வராது, ஆனால் எடை இருக்க வேண்டிய இடத்தில் விலை போய் உட்காரும். ஃபைலை மாற்றும்போது ஒருவர் உள்ளே இருந்தாலும் மெஷின் விடாது. அதனால் சிறிய மாற்றங்களை இரவு எல்லோரும் வெளியேறிய பின்னும், பெரியவற்றை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்திலும் வைத்துக்கொள்கிறோம். தடைக்காலத்தில் உங்களுக்குத் தோதான இரவு எது என்பதை மார்ச் கடைசிக்குள் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
மென்பொருள் பராமரிப்புப் பிரிவு, இராமநாதபுரம்